கையைத் தூக்கிப் பாருங்கள்

தையல் அறையில் சேர்ந்த முதல் இரண்டு மாதம் என்னிடம் பிரிக்கும் வேலையை மட்டும்தான் கொடுத்தார்கள். கோணிய கழுத்து, திரும்பிக்கொண்ட கை, நெளிந்து நிற்கும் ஜிப் எல்லாம் என் மேஜைக்கு வரும். அப்போது அலுப்பாகத்தான் இருந்தது. ஆனால் கடைசியாகப் போட்ட தையல்தான் முதலில் பிரியும். அப்படி நிறையப் பிரித்த பிறகு, ஒரு உடுப்பு எந்த வரிசையில் சேர்கிறது என்பது கைக்கே பழகிவிட்டது. பாவு இழை மேலிருந்து கீழே போகாமல் கொஞ்சம் சாய்ந்து வெட்டுப்பட்ட பாவாடை ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும் என்பதையும் அந்த மேஜையில்தான் பார்த்தேன்.

அப்புறம் அளவெடுக்க விட்டார்கள். மார்பு, இடுப்பு, அதற்குக் கீழே சீட் அளவு, மூன்றையும் எழுதிக்கொண்டு போனேன். மாஸ்டர் தாளைப் பார்த்துவிட்டு, "மார்பு 38 இன்ச் சரி. அதுல முன்னால எவ்வளவு, முதுகுல எவ்வளவு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அகன்ற முதுகும் சிறிய மார்பும் உள்ளவருக்கும் 38 வரும், குறுகிய முதுகும் பெரிய மார்பும் உள்ளவருக்கும் 38 வரும். துணியை வெட்ட வைக்கும் காகித மாதிரியான பேட்டர்ன், ஒன்றே இருவருக்கும் பொருந்தாது. தோளிலிருந்து மார்பு முனை வரை, இரண்டு முனைகளுக்கும் நடுவில், முதுகின் அகலம் என்று தனித்தனியாக எடுத்தால்தான் அந்த 38 எங்கே இருக்கிறது என்று தெரியும்.

தட்டைத் துணியை உடம்பின் வளைவுக்கு ஏற்ப மடித்துத் தைப்பதுதான் டார்ட். அது எனக்கு விளங்கிய நாளை மறக்க மாட்டேன். தட்டையான காகிதத்தில் ஆப்பு மாதிரி ஒரு முக்கோணம் வரைந்து, அதன் இரண்டு கோடுகளையும் சேர்த்து ஒட்டினேன். காகிதம் கூம்பாக எழுந்து நின்றது. பெண்கள் உடையின் முன்பக்கம் முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. அந்த முக்கோணத்தைப் பக்கவாட்டிலிருந்து தோளுக்கோ கழுத்துக்கோ நகர்த்தலாம். மார்பு முனையைச் சுற்றித் திருப்பும்வரை கூம்பு அதே கூம்புதான். தோள் டார்ட்டையும் இடுப்பு டார்ட்டையும் ஒரே கோடாக இணைத்தால் பிரின்சஸ் கட். டார்ட்டின் நுனி மட்டும் மார்பு முனைக்கு ஏறக்குறைய ஒரு இன்ச் முன்பே முடிய வேண்டும். முனை வரை கொண்டுபோனால் அந்த இடத்தில் துணி கூராக நிற்கும்.

ஒருநாள் ஒரு அம்மா கடையில் வாங்கிய உடுப்போடு வந்தார். மார்புக்குப் போதவில்லை என்று அடுத்த சைஸ் எடுத்திருக்கிறார். இப்போது தோள் வழுக்கி விழுந்தது, கழுத்து வாய் பிளந்தது. "எதுவும் எனக்குப் பொருந்தாதும்மா, என் உடம்பு அப்படி" என்றார். இதை எத்தனையோ பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு கனத்துப் போகிறது. சைஸ் எண்கள் எப்படி வந்தன என்று பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்க வேளாண்மைத் துறை சுமார் 15,000 பெண்களை, ஒவ்வொருவருக்கும் 59 அளவுகள் வீதம் எடுத்து, 1941இல் முடிவுகளை வெளியிட்டது. அங்கே 1958இல் வந்த சைஸ் தரத்துக்கு அந்த அளவுகளே அடிப்படை. ஆனால் அந்தக் கணக்கில் வெள்ளையினப் பெண்களின் அளவுகளை மட்டுமே சேர்த்திருந்தார்கள். எங்கோ எப்போதோ எடுத்த சராசரிக்காக ஒரு பெண் தன் உடம்பை நொந்துகொள்கிறாள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவருக்குப் புதிதாகவே தைத்தோம். தோளுக்குப் பொருந்தும் சின்ன சைஸ் பேட்டர்னை எடுத்து, மார்புக்கு நேராக வெட்டி, பாதி இன்ச் விரித்தோம். பேட்டர்ன் முன்பக்கத்தின் ஒரு பாதிக்குத்தான். அதில் பாதி இன்ச் என்றால் முழு உடுப்புக்கு ஒரு இன்ச். தோளும் கழுத்தும் அசையாமல், துணி வேண்டிய இடத்தில் மட்டும் கூடியது. முதல் ஃபிட்டிங்கில் அக்குளில் கொஞ்சம் பிடிக்கிறது என்றார். நான் யோசிக்காமல், உடுப்பில் கை வந்து சேரும் கைக்குழியை ஒரு இன்ச் கீழே இறக்கி வெட்டினேன். பெரிதாக்கினால் தாராளமாகத்தானே இருக்கும்?

மறுபடி போட்டுப் பார்த்தார். மேல் தட்டில் பையை எடுக்கக் கையைத் தூக்கினார். உடுப்பு முழுவதும் இடுப்போடு மேலே ஏறியது.

கைக்குழி இறங்கினால் இடுப்பிலிருந்து அக்குள் வரையுள்ள பக்கவாட்டுத் துணியின் நீளம் குறைகிறது. கையைத் தூக்கும்போது அது வேண்டிய நீளத்தைக் கீழேயிருந்து இழுத்துக்கொள்ளும். அக்குளுக்கு அருகிலேயே குழி இருந்தால் கை மட்டும் தனியாக நகரும். அவருக்குப் பிடித்தது குழியின் ஆழத்தால் அல்ல. உடுப்பின் கையில், தோளோடு சேரும் தலைப்பகுதியின் வளைவு உயரமாகவும் மேற்கைப் பகுதி குறுகலாகவும் இருந்ததால் பிடித்திருக்கிறது. அந்த வளைவைக் கொஞ்சம் தட்டையாக்கிக் கையை அகலப்படுத்தியிருக்க வேண்டும். கை தொங்கும்போது அக்குள் பக்கம் இரண்டு மடிப்பு விழும், ஆனால் தூக்க வரும். இரண்டில் எது வேண்டும் என்பது போடுகிறவரின் வேலையைப் பொறுத்தது. அவர் என்ன வேலை செய்கிறார் என்றுகூட நான் கேட்டிருக்கவில்லை.

வெட்டிய துணியைத் திரும்பக் கூட்ட முடியாது. நடந்ததை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மேல்பகுதியும் கையும் புதிதாக வெட்டினோம், இந்தமுறை முதலில் சாதாரணக் காடாத் துணியில். அவரை உட்காரச் சொன்னேன், குனியச் சொன்னேன், கையைத் தூக்கச் சொன்னேன். கண்ணாடியைப் பார்த்தபடி இரண்டு கையையும் தூக்கினார். இறக்கினார். நான் கேட்காமலே இன்னொரு முறை தூக்கிப் பார்த்தார்.