அவசரக் கடன் வாங்கி அச்சகத்தை ஓட்டிய அனுபவம்

திருநெல்வேலி டவுனில் எங்களுக்கு ஒரு சின்ன ஆப்செட் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸ், கடைகளுக்கு பில் புக், இவ்வளவுதான் தொழில். 2020 மார்ச் 24 இரவு கொரோனா ஊரடங்கு அறிவித்தபோது சித்திரை, வைகாசி முகூர்த்தத்துக்கு அடித்த பத்திரிகைகள் கட்டுக் கட்டாக மேஜையில் இருந்தன. கல்யாணமே தள்ளிப்போன பிறகு பழைய தேதி போட்ட பத்திரிகையை யார் வாங்குவார்கள்? அந்த வருடம் கொடையும் இல்லை, ஆனித் தேரும் ஓடவில்லை. மெஷின் கடன் தவணையும் வாடகையும் சம்பளமும் மட்டும் மாதாமாதம் வந்து நின்றன.

முதலில் கிடைத்தது தவணை ஒத்திவைப்பு. ரிசர்வ் வங்கி மார்ச் 27 அன்று மூன்று மாதம் அறிவித்து, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. இதைத் தள்ளுபடி என்றே பலர் நம்பினார்கள். அசலுக்கு வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. எங்கள் ஆடிட்டர் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "அண்ணாச்சி, கையில காசு இருந்தா கட்டிருங்க. இல்லைன்னா மட்டும் தள்ளிப் போடுங்க." எங்களிடம் இல்லை, தள்ளிப் போட்டோம். அந்த ஆறு மாதத்துக்கான வட்டிக்கு வட்டியை, 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு மத்திய அரசே ஏற்றுக்கொண்டது. ஒழுங்காகத் தவணை கட்டி வந்தவர்களுக்கும் அது உண்டு. நவம்பரில் விண்ணப்பம் எதுவும் இல்லாமல் கணக்கில் ஏறியது. சின்னத் தொகைதான், ஆனாலும் நியாயமான காரியம்.

ஜிஎஸ்டியில் கிடைத்தது அவகாசம். விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் அந்த வருடப் பிப்ரவரிக் கணக்கை ஜூன் 30-க்குள் போடலாம் என்றார்கள். வட்டியும் தாமதக் கட்டணமும் இல்லை. வரியில் ஒரு பைசா குறையவில்லை.

உண்மையில் எங்களைக் கரை சேர்த்தது மே 13 அன்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த அவசரக் கடன் திட்டம். சிறுதொழில்களுக்காக 3 லட்சம் கோடி ரூபாய். பிப்ரவரி 29 அன்று நமக்கு இருந்த கடன் பாக்கியில் 20 சதவீதம் வரை புதுக் கடன். அதாவது 10 லட்சம் பாக்கி என்றால் 2 லட்சம். அப்போதைய விதிப்படி வங்கியில் வட்டி 9.25 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. நான்கு வருடத்தில் முதல் வருடம் வட்டி மட்டும் கட்டினால் போதும் என்று இருந்தது. அரசே முழு உத்தரவாதம் கொடுப்பதால் புதிதாக ஜாமீன் கேட்கக்கூடாது, பரிசீலனைக் கட்டணமும் கிடையாது என்றார்கள். பிப்ரவரி 29 அன்று தவணை 60 நாளுக்கு மேல் நின்றிருக்கக்கூடாது என்பதுதான் முக்கியமான நிபந்தனையாக இருந்தது.

ஆனால் வங்கிக் கிளையில் நடந்தது வேறு. முதலில் "எங்களுக்கு இன்னும் ஆர்டர் வரலை" என்றார்கள். அப்புறம் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். அடுத்து ஒரு இன்சூரன்ஸ் பாலிசி எடுத்தால் சீக்கிரம் முடியும் என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. உதவி தேடி வந்தவனிடம் விற்பனையா? திட்டத்தின் கேள்வி-பதில் தொகுப்பை எங்கள் கடையிலேயே பிரிண்ட் எடுத்து, ஜாமீன் வேண்டாம் என்ற வரியில் சிவப்பு மையால் கோடிட்டு, எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்தேன். நகலில் சீலும் தேதியும் போட்டுத் தரும்வரை கவுண்டரைவிட்டு நகரவில்லை. அதற்குப் பிறகு யாரும் பத்திரம் கேட்கவில்லை. ஆகஸ்டில் பணம் வந்தது.

முதலில் அச்சகத்தில் வேலை பார்த்த பையன்களின் சம்பளப் பாக்கி. அவர்கள் வீட்டுக்கு அரசிடமிருந்து கையில் வந்தது ரேஷன் கார்டுக்கு 1000 ரூபாயும் அரிசி, பருப்பும்தான். மிச்சத்தில் சிவகாசி அட்டைக் கடைக்குப் பாதி கொடுத்தோம், ரோலர் மாற்றினோம். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த மெஷினில் மை இறுகிப்போய், மண்ணெண்ணெய்த் துணியால் எவ்வளவு தேய்த்தாலும் ரப்பர் உரிந்துகொண்டு வந்தது.

வாடகைக்கு எந்த அறிவிப்பிலும் வழி இல்லை. கடனைக் கூட்டிக் கொடுத்ததை மட்டும் உதவி என்று சொல்வதில் எனக்கு இன்றைக்கும் உடன்பாடு இல்லை. சின்னக் கடைகளுக்குக் கொஞ்சமாவது நேரடிப் பணம் கொடுத்திருக்க வேண்டும். எங்கள் கடன் 2024-ல் அடைந்தது. நீங்களும் இந்தக் கடனை வாங்கி முடித்திருந்தால், பாக்கி இல்லை என்ற சான்றைக் கிளையில் கேட்டு வாங்குங்கள். நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது முடிந்த கடனாக ஏறியிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.