6/60 எழுத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்

எங்கள் கண் மருத்துவமனையில் பார்வையைச் சோதிக்கும் பழைய ஸ்னெல்லன் எழுத்துப் பலகையைக் கழற்றிவிட்டு, கணினியுடன் இணைத்த 32 அங்குல டிவியைப் பொருத்திய பிறகு, இயல்பான பார்வை உள்ளவர் ஆறு மீட்டரிலிருந்து படிக்கக்கூடிய 6/6 வரியை வருகிறவர்கள் எல்லாரும் தடையின்றிப் படிக்கத் தொடங்கியதே எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. பழைய பலகையில் அந்த வரியில் பாதி எழுத்துகளைத் தவறவிட்ட பள்ளி மாணவி ஒருத்தி, அன்றே டிவி திரையில் அதைப் பிசிறின்றிப் படித்தாள். பலகையை எடுத்துப் பார்த்திராவிட்டால், கண்ணாடி தேவைப்பட்ட அந்தப் பிள்ளையை அப்படியே திருப்பி அனுப்பியிருப்போம்.

டிவியை அமைத்துத் தந்த நிறுவனத்தின் ஆள், "இன்ச் சைஸைப் போட்டாப் போதும் மேடம், மீதியை சாஃப்ட்வேரே பார்த்துக்கும்" என்று சொல்லிச் சென்றவர். போனில் முறையிட்டபோதும், கணினியை அணைத்துப் போடச் சொன்னதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

ஆறு மீட்டர் தொலைவுக்கு 6/6 எழுத்தின் உயரம் சுமார் 8.7 மி.மீ.; உச்சியில் உள்ள பெரிய 6/60 எழுத்து அதைப் போல் பத்து மடங்கு, 87 மி.மீ. சிறிய எழுத்தை அளந்தால் அரை மில்லிமீட்டர் பிசகும் பெரிதாகிவிடும் என்பதால் பெரிய எழுத்தில்தான் ஸ்கேலை வைத்தேன். 115 காட்டியது! விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில், திரையில் உள்ளவற்றைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங் 125 சதவீதத்தில் இருந்தது. அதை 100 ஆக்கியதும் 92க்கு இறங்கியது. மீதி வித்தியாசம் டிவி செய்த வேலை: கணினியிலிருந்து ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாக வரும் படத்தின் ஓரங்களை வெட்டி, எஞ்சியதை அது பெரிதாக்கிக் காட்டுகிறது. ரிமோட்டில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' போன்ற பெயரில் ஒளிந்திருக்கும் அமைப்பைத் தேடிப்பிடித்து மாற்றிய பிறகே 87 வந்தது.

உயரத்தோடு அகலத்தையும் அளப்பது அவசியம். ஸ்னெல்லன் எழுத்தில் இரண்டும் சமமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ரெசல்யூஷன் (திரைப் புள்ளிகளின் எண்ணிக்கை) தவறாக இருக்கிறது என்று பொருள். அறை வெளிச்சத்துக்கேற்ப திரையை மங்கச் செய்யும் மின்சேமிப்பு முறை, எழுத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு படியவைக்கும் ஷார்ப்னெஸ், மாலையானதும் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் ஆகியவற்றை நிறுத்திவிடுங்கள். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு ஸ்கேலிங் மறுபடி மாறியதைக் கண்டதிலிருந்து, திங்கட்கிழமைதோறும் முதல் நோயாளியை அழைப்பதற்கு முன் அளந்து பதிவேட்டில் எழுதுகிறோம்.

எழுத்தின் உயரத்தை மில்லிமீட்டரில் குறித்து நிறுவனத்தார் கையெழுத்திட்டுத் தந்த பிறகே மீதித் தொகையைக் கொடுத்தோம். புதிதாக வாங்குகிறவர்கள் இந்த நிபந்தனையை ஆர்டரிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.