ஆச்சி வீட்டு வளவில் டிராகுலா

மே 3, 2025

இன்றைக்கு ஆரம்பித்துவிட்டோம். 1897-இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய டிராகுலா, நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்தி என்று தேதி போட்டே நகர்கிற நாவல். முதல் தேதி மே 3, கடைசித் தேதி நவம்பர் 6. அதனால் அந்தந்தத் தேதிக்கு உள்ளதை அந்தந்த நாளில்தான் வாசிப்பது, யாரும் முந்திப் போகக் கூடாது என்று பேசிக்கொண்டோம். மொத்தம் ஆறு பேர், இடம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஆச்சி வீட்டு வளவு, அதாவது நடுமுற்றப் பகுதி. ஆச்சிக்கு ஆங்கிலம் வராது, நான் தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். முதல் நாளே, இரத்தம் குடிக்கும் கோமகன் டிராகுலாவின் கோட்டைக்குப் போகிற இளம் வழக்கறிஞன் ஜோனதன் மிளகாய்த்தூள் போட்ட கோழி சாப்பிட்டுவிட்டுத் தாகத்தில் தவிக்கிறான், ஆனாலும் தான் மணக்கப்போகும் மீனாவுக்காகச் செய்முறை வாங்கவேண்டும் என்று குறித்து வைக்கிறான். "எப்படி வதக்குனாகன்னு போட்டிருக்கா ஆத்தா?" என்றார் ஆச்சி. போடவில்லை.

மீனா என்று நான் சொல்லச் சொல்ல அவர் வாயில் அது மீனாளாகிவிட்டது. இனி எங்கள் எல்லோருக்கும் மீனாள்தான்.

மே 8

அக்னி நட்சத்திரம் கொளுத்துகிறது. ஆத்தங்குடிக் கல் மட்டும் ஜில்லென்று இருக்க, எல்லோரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். இன்றைக்கு ஜோனதன் முகம் மழிக்கிறான். கோமகன் பின்னால் வந்து நின்று தோளில் கை வைக்கிறார், கண்ணாடியில் அவர் இல்லை. அதைப் படித்த நிமிஷம் யாரும் பேசவில்லை. பட்டாலையில் பெல்ஜியம் கண்ணாடி ஒன்று முன்பக்கம் சாய்ந்தாற்போல் தொங்குகிறது, ஓரமெல்லாம் ரசம் போய்க் கறுத்தது. அதில் எங்கள் தலைகள் தெரிந்தன. நான் எண்ணிப் பார்த்தேன். ஆறு.

ஜூன் 10

மே 31-க்குப் பிறகு ஜோனதனிடமிருந்து ஒரு வரி இல்லை, அடுத்தது ஜூன் 17-இல்தான். கல்லூரியில் இதே நாவலை ஒரே வாரத்தில் முடித்தவள் நான், அப்போது இந்த இடைவெளி ஒரு பக்கத்தைப் புரட்டும் நேரம்தான். இப்போது காலையில் கோலம் போடும்போதுகூட, அவன் அந்தப் பூட்டிய கோட்டைக்குள் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பான் என்று நினைப்பு ஓடுகிறது. பயம் என்பது கோட்டைச் சுவரில் தலைகீழாக இறங்கும் உருவத்தில் இருப்பதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன், இந்தக் காத்திருப்பில்தான் அது அதிகம் இருக்கிறது.

ஆகஸ்ட் 4

கோமகன் ஒளிந்து வருகிற டெமிட்டர் கப்பலின் குறிப்பு இன்றோடு முடிந்தது. வார்னாவில் மண் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒன்பது பேராகக் கிளம்பிய கப்பல், ஒருவர் ஒருவராகக் காணாமல் போய்க் கடைசியில் கேப்டன் மட்டும். சுக்கானோடு தன் கைகளைக் கட்டிக்கொள்ளப் போவதாக எழுதி வைக்கிறார்.

ஆச்சி எழுந்து உள்ளே போய்விட்டார். காபியோடு வந்துதான் சொன்னார், அவருடைய ஐயா பர்மாவில் மோல்மேனுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போனவராம், மூன்று வருஷக் கணக்கு. "கப்பலேத்தி விட்டுட்டு வந்தா கடுதாசி வார வரைக்கும் அப்பத்தாவுக்குச் சோறு இறங்காதாம்." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 30

இன்றைக்குத்தான் பேராசிரியர் வான் ஹெல்சிங் டிராகுலாவைக் கட்டுப்படுத்தும் எல்லா விதிகளையும் சொல்கிறார். அதில் ஒன்று: வீட்டில் இருப்பவர் யாராவது அழைத்தால் ஒழிய அவன் முதல் தடவை உள்ளே வர முடியாது, அதற்குப் பிறகு இஷ்டப்படி வரலாம். எங்கள் பக்கத்தில் இதை விளக்கவே வேண்டாம். வந்தவர் ஒவ்வொருவரையும் பார்த்துத் தனித்தனியாக 'வாங்க' என்று சொல்லியாக வேண்டும், கல்யாண வீட்டில் ஒருவரை விட்டுவிட்டால் வருஷக்கணக்கில் பேச்சு நிற்கும். வாசற்படியில் நிற்பவரை வீட்டுக்குள் கொண்டுவருவது அந்த ஒரு சொல்தான். அதே சொல்லை எதிர்பார்த்து வெளியே ஒருவன் நிற்கிறான் என்றால்! தேக்கு நிலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 1

சரஸ்வதி பூஜை. புத்தகமும் பூஜையில். பேய்க்கதையைப் போய் வைப்பதா என்று கல்லூரித் தம்பி தயங்கினான், "புத்தகந்தானேப்பா" என்று ஆச்சி வாங்கிப் பொட்டு வைத்தார். ஆண்கள் எல்லோரும் மீனாளைத் தனியே விட்டுவிட்டுக் கோமகனின் வீட்டைச் சோதிக்கப் போன இரவு இது. இன்றைக்குப் படிக்கவும் முடியாது.

அக்டோபர் 3

நேற்று விஜயதசமி, விட்டதையும் சேர்த்துப் படித்தோம். இன்றைக்கு அந்தப் பகுதி. ஜோனதன் பக்கத்திலேயே மயங்கிக் கிடக்க, கோமகன் வந்து மீனாளுக்குச் செய்ததைத் தமிழில் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை, இரண்டு தடவை நிறுத்தினேன். அவனை உள்ளே வரச் சொன்னது, அங்கே மனநோய் விடுதியில் இருக்கும் ரென்ஃபீல்டு. துரோகி என்று எல்லோரும் கோபமாகப் பேசினோம், நான்தான் அதிகம்.

ஆச்சி வெகுநேரம் கழித்து, "கூப்பிட்டவனே பொறகு மறிச்சும் நின்னான்ல? மீனாள் வெளுத்துப்போனதப் பாத்துட்டு?" என்றார்.

ஆமாம். பனிப்புகையாக வந்தவனை இறுக்கிப் பிடித்து, தூக்கியெறியப்பட்டு, அதனாலேயே சாகிறான். நான் அதை அவசரத்தில் இரண்டே வாக்கியத்தில் சொல்லித் தாண்டியிருந்தேன். ஆச்சி கேட்டார் என்று அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்து, ஒரு வரி விடாமல் மெதுவாகச் சொன்னேன்.