காப்பக வேலைக்கு ஆண்கள்: சேலத்தில் சான்றிதழ் முதல் டயப்பர் வரை

சின்னக் குழந்தைகளோடு வேலை பார்க்க வேண்டும் என்று ஒரு பையன் சொன்னால், வீட்டில் முதலில் கைகாட்டுவது பால்வாடியைத்தான். அந்த வழி ஆண்களுக்கு இல்லை. அங்கன்வாடிப் பணியாளர், உதவியாளர் இரண்டுமே பெண்களுக்கான பணியிடங்கள். விண்ணப்பம் வாங்க அலைவது வீண்.

வழி இருப்பது வேறு இடங்களில். 50 அல்லது அதற்கு மேல் ஆட்கள் வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்பது 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டத்தில் வந்தது, 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது உண்டு. ஏற்காட்டு காபித் தோட்டங்களுக்கு இந்தக் கடமை இன்னும் பழையது, 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே வந்துவிட்டது. அஸ்தம்பட்டி, ஃபேர்லண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் பிளே ஸ்கூல்கள் இருக்கின்றன. வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கான ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களில் ஆண்களை எடுக்கத் தயக்கம் குறைவு, பிசியோதெரபிஸ்டாக ஆண்களைப் பார்த்துப் பழகியதால். ஆண் பிள்ளைகளின் இல்லங்களில் இல்லத் தந்தை என்ற பணியே உண்டு, ஆனால் அங்கே பெரும்பாலும் பெரிய பிள்ளைகள்.

படிப்பில்தான் பணம் வீணாகிறது. ‘மாண்டிசோரி டிரெயினிங், ஆறு மாதம்’ என்று போர்டு வைத்திருக்கும் எல்லா இடத்துச் சான்றிதழும் எல்லா இடத்திலும் செல்லாது. தேசிய ஆசிரியர் கல்விக் குழு ஏற்ற முன்பருவக் கல்வி டிப்ளமோ இரண்டு வருடம், பிளஸ் டூவில் 50 சதவீதம் வேண்டும். அதை நடத்தும் கல்லூரி பெண்களுக்கு மட்டுமானதா என்று ஃபீஸ் கட்டும் முன் கேளுங்கள். வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவருக்கு இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் குழந்தைப் பருவப் பராமரிப்பு டிப்ளமோ தோதானது: பிளஸ் டூ போதும், குறைந்தது ஒரு வருடம், 32 கிரெடிட், மூன்று தாளும் ஒரு ப்ராஜெக்ட்டும். சேர்க்கை ஜனவரியிலும் ஜூலையிலும். அசைன்மென்ட்டைக் கடைசி நாளுக்கு விட்டுத் தேர்வைத் தள்ளிப் போடுகிறவர்கள் நிறைய. உத்தமசோழபுரம் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் நடக்கும் தொடக்கக் கல்வி டிப்ளமோ ஆண்களும் படிப்பதுதான், ஆனால் அது ஒன்றாம் வகுப்பிலிருந்து மேலே. மூன்று வயதுக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றி அதில் அதிகம் கிடைக்காது.

எந்தப் படிப்பானாலும் ஆண்கள் மாட்டிக்கொள்வது செய்முறையில். குழந்தைகளோடு இருந்து பார்த்து எழுத ஒரு மையம் வேண்டும், ‘ஆம்பளைப் பையனா? பேரண்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க’ என்று அங்கே தட்டிக் கழிப்பார்கள். அதனால் முறையைத் திருப்பிப் போடுங்கள். ஒரு மையத்திடம் ‘இவரைச் செய்முறைக்கு அனுமதிக்கிறோம்’ என்று கடிதம் வாங்கிய பிறகு ஃபீஸ் கட்டுங்கள். கேட்கப் போகும்போது கையில் காவல்துறை சரிபார்ப்புச் சான்று இருந்தால் பேச்சே மாறிவிடும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தனிநபரே இதற்கு விண்ணப்பிக்கலாம். சேலத்தில் கவனிக்க வேண்டியது எல்லை: மாநகரம் கமிஷனர் அலுவலகத்தின் கீழ், ஏற்காடும் சுற்று ஊர்களும் மாவட்டக் கண்காணிப்பாளரின் கீழ். ஆதாரில் இருக்கும் முகவரியும் இப்போது குடியிருக்கும் வீடும் வேறு வேறாக இருந்தால் மனு அங்கேயும் இங்கேயும் அலையும். தற்போதைய முகவரிக்கு ஆதாரம் சேர்த்து அனுப்புங்கள். போக்சோவின் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) 2020 விதிகளின்படி குழந்தைகளோடு பழகும் நிறுவனம் தன் ஊழியர் ஒவ்வொருவரையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் சரிபார்க்க வேண்டும், சமையல்கார அம்மா உட்பட. ஆண்களிடம் மட்டும் சான்று கேட்கும் மையம் விதியைப் பாதிதான் படித்திருக்கிறது.

இன்னொரு சாக்கும் வரும். காப்பகங்களுக்கான 2018 மத்திய அரசு வழிகாட்டியில், குழந்தைகள் இருக்கும் நேரத்தில் பிளம்பர், டிரைவர், எலக்ட்ரீஷியன் போன்ற ஆண்களை உள்ளே விடக்கூடாது என்று ஒரு வரி உண்டு. அதைக் காட்டி ‘ஆண்களே கூடாது’ என்பார்கள். அது வந்து போகும் வேலைக்காரர்களுக்கான கட்டுப்பாடு. பயிற்சி பெற்று, சரிபார்க்கப்பட்டு, பதிவேட்டில் பெயருள்ள பராமரிப்பாளர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

வேலை கிடைத்த பிறகு எல்லாமே ஒரு தாளில் இருக்கிறது: பணிப் பட்டியல். டயப்பர், கழிப்பறை, குளிப்பாட்டல், தூங்க வைத்தல் நான்கிலிருந்தும் ஆணுக்கு விலக்கு கொடுப்பது நல்லெண்ணம் போலத் தெரியும். அதுதான் அவரை ஒரே வருடத்தில் வெளியே அனுப்புகிறது. அந்த வேலையெல்லாம் பெண்கள் தலையில் விழுகிறது, அவர்களுக்கு எரிச்சல். ஆண் விளையாட்டு சாராகவும் கேட் பூட்டுபவராகவும் ஆகிறார். அவருக்குக் குழந்தையும் பழகாது, வேலையும் பழகாது. விலக்கு வேண்டாம், விதி வேண்டும், அதுவும் எல்லோருக்கும் ஒரே விதி. டயப்பர் மாற்றும் இடம் இன்னொரு ஊழியரின் பார்வை படும் மூலையில் இருக்க வேண்டும். தூங்கும் அறைக் கதவு திறந்திருக்கும், அல்லது அதில் கண்ணாடி இருக்கும். குழந்தையைச் சொந்த போனில் படம் எடுப்பது யாருக்கும் கிடையாது. கழிப்பறைக்குள் சிசிடிவி எந்த நியாயத்திலும் கூடாது.

டயப்பர் மாற்றுவதைச் சேலத்துக் கணக்கில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பாதிக் குழந்தைகளின் இடுப்பில் வெள்ளி அரைஞாண், காலில் கொலுசு. புது டயப்பர், ஈரப் பஞ்சு, கட்டிப் போட ஒரு கவர், மாற்றுத் துணி எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்த பிறகே குழந்தையைப் படுக்க வைக்க வேண்டும். மேஜையை விடத் தரையில் பாய் நல்லது, உருண்டாலும் விழாது. அரைஞாணை முதலில் வயிற்றுக்கு மேலே தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் டயப்பர் ஒட்டுப்பட்டிக்கு அடியில் சிக்கித் தோலை அறுக்கும். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும், திருப்பிக் கொண்டுவந்தால் சிறுநீர்த் தொற்று. ஆண் குழந்தைக்கு முன்தோலைப் பின்னுக்குத் தள்ளவே கூடாது. சிவந்திருந்தால் இரண்டு மூன்று நிமிடம் காற்றாட விடுங்கள், க்ரீம் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் மட்டும். உங்கள் கையையும் குழந்தையின் கையையும் சோப்பு போட்டுக் கழுவி, நேரத்தையும் கண்டதையும் நோட்டில் எழுதுங்கள். கொலுசு முத்து ஆடுகிறதா, திருகு லூசாக இருக்கிறதா என்று காலையில் குழந்தையைக் கையில் வாங்கும்போதே பாருங்கள். கழன்ற முத்து நேராக வாய்க்குத்தான் போகும். தொண்டையில் அடைத்து இருமவோ அழவோ முடியாமல் திணறினால், ஒரு வயதுக்குக் கீழே முதுகில் ஐந்து தட்டு, பிறகு நெஞ்சில் ஐந்து அழுத்து, பொருள் வெளியே வரும்வரை மாறி மாறி. வயிற்றை அழுத்துவது ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான். இதைப் பொம்மையில் செய்து பழகாதவரைத் தனியாக விடக்கூடாது, ஆணோ பெண்ணோ.

முதல் வாரங்களில் ஒன்றரை வயதுக்காரர்கள் புது ஆணைப் பார்த்து அலறுவார்கள். பெரிய உருவம், தாடி, கனத்த குரல். தூக்கப் போகாதீர்கள். தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, கண்ணைப் பார்க்காமல் டப்பாவை அடுக்கிக்கொண்டிருங்கள். குழந்தை தானாக வந்து ஒன்றைத் தட்டிவிடும், அங்கிருந்து பழக்கம். இதைக் கெடுப்பது பெரும்பாலும் சக ஊழியர்கள்தான்: ‘சாப்பிடலைன்னா அந்த அண்ணன்கிட்ட புடிச்சுக் குடுத்துருவேன்.’ ஒரே வாரத்தில் அவர் பூச்சாண்டி ஆகிவிடுவார். சேரும் நாளிலேயே பொறுப்பாளர் இதற்குத் தடை போட வேண்டும்.

பெற்றோரிடம் மறைக்காதீர்கள். சேர்க்கைப் படிவத்திலேயே ஊழியர் பெயர், படம், பணி இருக்கட்டும். தறி ஓடும் அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி வீடுகளில் தூளியை ஆட்டிக்கொண்டே தறி பார்த்த அப்பாக்களுக்கு இது புதிதல்ல. படித்த வீடுகளில்தான் கேள்வி அதிகம் வருகிறது. கேட்கட்டும். பதிலாகப் பதிவேட்டைக் காட்டுங்கள். காலையில் குழந்தையின் உடம்பில் காயமோ தழும்போ இருந்தால் பெற்றோர் முன்னிலையிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பாலியல் குற்றம் நடந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் பொறுப்பாளரிடம் சொன்னதோடு கடமை முடியாது. போக்சோ 19-வது பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காதது 21-வது பிரிவில் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐச் சுவரில் எழுதி வையுங்கள்.

மையம் நடத்துபவர்களுக்கு: ஒரு ஆணைத் தனியாக எடுக்காதீர்கள், இரண்டு பேரை எடுங்கள். ஒருவர் என்றால் அவர் காட்சிப்பொருள். விளம்பரத்தில் ‘ஆண்/பெண்’ என்றும், பணியில் டயப்பர் மாற்றுவதும் உண்டு என்றும் எழுதுங்கள். பிடிக்காதவர்கள் தாமாகவே ஒதுங்குவார்கள். மூன்று வயதுக்குக் கீழே பத்துக் குழந்தைக்கு ஒருவர், அதற்கு மேல் இருபதுக்கு ஒருவர் என்ற கணக்கு ஆள் மாறினாலும் மாறாது. ஆண்கள் கழிப்பறை தனியாக வேண்டும், குழந்தைகளுடையதைப் பெரியவர்கள் யாருமே பயன்படுத்தக் கூடாது.

சம்பளம் குறைவு, மறைப்பதற்கில்லை. ஆண் இந்த வேலையை விடுவதற்குப் பெண் வீட்டார் ‘ஆயா வேலையா?’ என்று கேட்பது ஒரு காரணம் என்றால், சம்பளம் அதைவிடப் பெரிய காரணம். பெண்களும் இதே சம்பளத்தில்தான் காலம் தள்ளுகிறார்கள் என்பதால் ஆணுக்கு மட்டும் கூட்டிக் கொடுப்பது தகராறில்தான் முடியும். சேருமுன் இவற்றைக் கேளுங்கள்: பத்துப் பேர் வேலை பார்த்தால் இ.எஸ்.ஐ. பதிவு இருக்கிறதா (மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு), இருபது பேர் என்றால் பி.எஃப். பிடிக்கிறார்களா, நியமன ஆணையில் ‘பராமரிப்பாளர்’ என்று போடுவார்களா. ‘உதவியாளர்’ என்று போட்டால் அடுத்த மையத்தில் அது அனுபவமாகக் கணக்கில் ஏறாது.