குட்டி யார் வீட்டுக்குப் போகிறது?

எட்டு வாரப் பூனைக்குட்டி தானாகச் சாப்பிடும், மணல் தட்டில் போய் உட்காரும், பார்த்தாலே அள்ளிக்கொள்ளத் தோன்றும். வாங்க வருகிறவர்கள் அந்த வயதில்தான் கேட்பார்கள். பூனை வளர்த்து விற்கிறவர்கள் அப்போது கொடுக்கக் கூடாது. பெர்சியன், ராக்டால் என எந்த இனமானாலும், 12 வாரமாவது தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் இருக்கட்டும். அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விலகிப் போகும்; எவ்வளவு கடிக்கலாம் என்று குட்டி அப்படித்தான் கற்றுக்கொள்கிறது.

தடுப்பூசிக்கும் இந்தக் காத்திருப்பு வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை ஊசி சரியாக வேலை செய்யாது. அது எந்த வாரம் தீரும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால்தான் 3, 4 வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டு, கடைசி ஊசியை 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ போடுகிறார்கள். ஒரே ஊசியோடு புது இடத்துக்கு அனுப்பினால், பேன்லுகோபீனியா போன்ற கொடிய நோய்க்குக் கதவைத் திறந்து வைத்ததுபோல்தான்.

பெற்றோரின் பரிசோதனை அறிக்கைகளை வாங்குகிறவர் கேட்காமலே காட்டுங்கள். பெர்சியனுக்குச் சிறுநீரக நீர்க்கட்டி நோயின் மரபணுச் சோதனை. தாய், தகப்பன் இரண்டில் ஒன்றிடம் அந்த மரபணு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் குறைந்தது பாதி வாய்ப்பு. மெய்ன் கூனுக்கும் ராக்டாலுக்கும் இதயத் தசை தடிக்கும் நோய் வரும். மரபணு சுத்தமாக இருந்தாலும் இதயம் சுத்தம் என்று சொல்ல முடியாது, எனவே தாய் தகப்பனுக்கு ஸ்கேனும் எடுக்க வேண்டும். ஸ்காட்டிஷ் ஃபோல்டின் காதை மடிக்கும் அதே மரபணுதான் அதன் குருத்தெலும்பையும் மூட்டுகளையும் கெடுக்கிறது. அந்தக் குட்டியை நல்ல வீட்டில் சேர்த்தாலும் வலி கூடவே போகும். பிறக்க வைக்காமல் இருப்பதுதான் நியாயம்.

மூன்று வாரக் குட்டியின் படத்தைப் போட்டு, நிறத்தைக் காட்டி முன்பணம் வாங்குவது இன்னொரு கெட்ட பழக்கம். எது துணிச்சல், எது பயந்தது என்பது 9, 10 வாரத்தில்தான் தெளிவாகும். சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் வீட்டுக்குப் பயந்த குட்டி போனால், கட்டிலுக்கு அடியிலேயே காலம் தள்ளும்.

நம் சிங்கப்பூரில் எல்லாவற்றையும்விட முக்கியம் ஜன்னல். 2024 செப்டம்பர் 1 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் 2 பூனை வரை வளர்க்கலாம். மைக்ரோசிப்பும் உரிமமும் வேண்டும். பத்தாவது மாடியோ இரண்டாவது மாடியோ, விழுந்தால் எலும்பு முறியும். குட்டியின் தலை நுழைகிற இடைவெளியில் உடம்பும் நுழைந்துவிடும், வெறும் கிரில் போதாது, வலையும் வேண்டும். காந்தம் ஒட்டிய கொசுவலையைக் குட்டி ஒரு தள்ளில் திறந்துவிடும். வாங்குகிறவரிடம் படம் வேண்டாம், வீடியோ கேளுங்கள்: படுக்கையறை, சமையலறை, துணி காயப்போடும் இடம், வாசல் கேட், ஒவ்வொன்றிலும் வலையை உள்ளங்கையால் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். வலையைக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் கேபிள் டையையும் கிட்டத்தில் பாருங்கள். வெள்ளை டை மாலை வெயில் பட்டுப் பட்டு மொடமொடத்துப் போய், விரலால் வளைத்தாலே படக்கென்று உடையும். வெயில் தாங்கும் கறுப்பு டை கூடுதல் நாள் உழைக்கும்.

வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் சம்மதத்தை எழுத்தில் கேளுங்கள். பகலில் பூனையைப் பார்க்கப்போவது பணிப்பெண்ணோ பாட்டியோ என்றால் அவரிடமும் நேரில் பேசுங்கள்.

முடிந்தால் கருத்தடை செய்தே அனுப்புங்கள். பழகிய உணவு ஒரு வாரத்துக்கும், பயன்படுத்திய மணல் ஒரு கைப்பிடியும் கூடவே போகட்டும். உணவை 7 முதல் 10 நாளில் மெல்ல மாற்றச் சொல்லுங்கள், ஒரேயடியாக மாற்றினால் வயிற்றுப்போக்குதான். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாத குட்டியை அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம்: எந்த வயதிலும், எந்தக் காரணத்துக்கும் பூனையைத் திரும்ப ஏற்றுக்கொள்வோம், எங்களைக் கேட்காமல் பிறருக்குக் கொடுக்கக் கூடாது. வேலை முடிந்து ஊர் திரும்புகிறவர், ஒவ்வாமை வந்தவர் தயங்காமல் கூப்பிட வேண்டுமானால், திருப்பித் தருவதற்கு அபராதம் என்று எதையும் எழுதாதீர்கள். திரும்பி வரும் பூனைக்கென ஒரு தனி அறையை எப்போதும் காலியாக வைத்திருங்கள். அதற்கு இடமில்லையென்றால், அடுத்த ஈற்றைத் தள்ளிப்போடுங்கள்.