இரண்டு பிள்ளையார் கோயில்

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா பிள்ளையார் கோயில் வாசலில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"கோயிலுக்கு முன்னாலதான் தம்பி நிக்கிறேன்."

"நானும் அங்கதான் சார் நிக்கிறேன். உங்களைக் காணோமே."

"வேப்பமரம் தெரியுதா?"

"தெரியுது சார்."

"டீக்கடை?"

"பூட்டியிருக்கு சார்."

இங்கே டீக்கடையில் வடை வெந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "தம்பி, நீ எந்த ஊர்ல நிக்கிற?"

பையன் நின்றது மதுரை எல்லீஸ் நகர், எங்கள் பழைய தெரு. அப்பா நின்றது கூடுவாஞ்சேரி. நடுவில் 400 கிலோமீட்டருக்கு மேல். மூன்று கட்டு அரைக்கீரை அந்தப் பையன் கையில்.

ஆர்டர் போட்டது அம்மாவின் டேப்லெட்டில். இடத்தை அதுவே காட்டியது, அப்பா படிக்காமல் தட்டிவிட்டார். அவர் எதைத்தான் படித்தார்? மச்சானோ, புது வீட்டில் செவ்வாய்க்கிழமையில் பால் காய்ச்சியதன் பலன் என்கிறார். நம்ம மச்சானைத்தான் தெரியுமே.

விஷயம் இவ்வளவுதான். அந்த டேப்லெட்டில் சிம்மும் கிடையாது, ஜிபிஎஸ்ஸும் கிடையாது. சிம் இருந்தால் டவரைப் பார்த்தாவது செங்கல்பட்டு மாவட்டம் என்று திருந்தியிருக்கும். இது வெறும் வைஃபையை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கிற ஜாதி. ஒவ்வொரு ரூட்டரும் தன் நம்பரை நொடிக்குப் பத்து தடவை போலக் கூவிக்கொண்டே இருக்கும். ஜிபிஎஸ் உள்ள போனோடு தெருவில் போகிறவர்கள் எல்லாம், தங்களுக்கே தெரியாமல், இந்த நம்பர் இந்த இடத்தில் கேட்டது என்று கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். அந்தக் கணக்குதான் முகவரி. 2007இல் வந்த முதல் ஐபோனுக்கே ஜிபிஎஸ் இல்லை. அடுத்த வருடத் தொடக்கத்தில் இந்த வித்தையையும் டவரையும் வைத்துத்தான் அதற்கு வழி காட்டக் கற்றுக்கொடுத்தார்கள்.

எங்கள் பழைய பால்காரர் விடியற்கால இருட்டில் நாய் குரைப்பதை வைத்தே எந்தச் சந்து என்று சொல்லிவிடுவார். நாங்கள் செய்தது, அந்த நாயையே லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தது. ரூட்டர், மாடிக்கு வாங்கிய ரிப்பீட்டர், இரண்டையும் பத்திரமாகப் பழைய சேலையில் சுற்றி எடுத்துவந்தது அம்மாதான். பக்கத்தில் நாலு வீடு இருந்தால் அவர்களுடைய ரூட்டர்கள் சாட்சி சொல்லியிருக்கும். இங்கே சுற்றிலும் காலி மனை, கருவேல முள், ஒரு எருமை.

"கவலைப்படாதம்மா, என் போன்ல லொகேஷன் ஆன்லதான் இருக்கு. கொஞ்ச நாள் போனா அதுவே கத்துக்கிட்டு கூடுவாஞ்சேரின்னு மாத்திக்கும்" என்றேன்.

அம்மா முகம் மாறிவிட்டது. அப்புறம்தான் கதை வெளியே வந்தது. தினமும் மத்தியானம் அந்த டேப்லெட்டைத் திறந்ததும் மதுரை வானிலைதான் வரும். மேகப் படத்தைப் பார்த்தவுடன் சித்திக்கு போன்: "ஏய், மழை வருதாம், மாடியில வடகத்தை எடு." இரண்டு மாதமாக இது நடந்திருக்கிறது. ஊரை வைத்துத் தேடினால் எப்போதும் பார்க்கலாமே என்றேன். "தேடிப் பார்க்கிறதும் அதுவா வர்றதும் ஒண்ணாடா?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

"நீ உன் போன்ல அதை அணைச்சு வை. சித்தி இன்னும் வெங்காய வடகம் போடல."