முறை வேறு, நோக்கம் வேறு

மாற்றுத்திறனாளியான ஒரு செவிலியர் மாணவர் வார்டுப் பயிற்சிக்கு வருகிறார் என்றதும், "இவரால் முடியுமா?" என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. மாணவர்களை வார்டில் வழிநடத்தும் பயிற்றுநராக நான் கேட்கப் பழகியது வேறொன்று: இந்தச் செயலால் நோயாளிக்குக் கிடைக்க வேண்டியது எது, நாம் அதைச் செய்துவரும் வழக்கம் எது?

ஒரு கையில் வலுக்குறைந்த மாணவி ஆம்பூலை (ஊசிமருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பியை) மேசையிலுள்ள தாங்கியில் நிறுத்தி மருந்தை உறிஞ்சி எடுக்கலாம். மருந்தும் அளவும் சரியாக இருந்து, ஊசிமுனை எதிலும் படாதவரை நோயாளிக்கு அதில் குறையொன்றுமில்லை. ஆனால் மணிக்கட்டில் பட்டை அணிந்திருப்பவர் கைகளை முறையாகக் கழுவ முடியாது என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. அதைக் கழற்ற முடியுமா, எத்தகைய பணிகளுக்குக் கழற்ற வேண்டும் என்பதைத் தொற்றுக்கட்டுப்பாட்டுச் செவிலியரோடு முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

கடினமானது இதய இயக்க மீட்பு, அதாவது நின்றுபோன இதயத்துக்காக மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி (சி.பி.ஆர்.). வயதுவந்தவரின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஏறத்தாழ 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு இது இயலாமல் போகலாம். நிலையை உடனே கண்டறிந்து உதவிக்கு அழைப்பது, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிபிரிலேட்டரை இயக்குவது, நேரத்தைக் குறித்துக்கொண்டு குழுவை வழிநடத்துவது ஆகியவையும் உயிர்காக்கும் பணிகளே. எனினும், பாடத்திட்டம் மார்பை அழுத்திக் காட்டுவதையே தேர்ச்சி நிபந்தனையாக வைத்திருந்தால், அதை மாணவரிடம் முதலிலேயே ஒளிவுமறைவின்றிச் சொல்லி, கட்டிலின் உயரத்தை மாற்றிப் பார்ப்பது உட்படப் பயிற்சிக்கூடத்தில் பொம்மையைக் கொண்டு முயன்றுபார்க்க வேண்டும். நோயாளியைத் தூக்குவதில் இவ்வளவு சிக்கல் இல்லை. நோயாளியை வழுக்கி நகர்த்த உதவும் நழுவுவிரிப்பும் தூக்கு இயந்திரமும் எல்லாச் செவிலியரின் முதுகுக்கும் தேவையானவைதாம்.

2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, அளவுக்கு மீறிய சுமையாகாத நியாயமான வசதிகளை மறுப்பதையும் பாகுபாடாகவே கொள்கிறது. ஆனால் வார்டில் நான் அதிகம் கண்டிருப்பது மறுப்பைவிட இரக்கத்தைத்தான். சற்றுத் தாமதமானால் போதும், மூத்த செவிலியர் ஒருவர் அன்போடு சிரிஞ்சைத் தாமே வாங்கிக்கொள்வார். மதிப்பீட்டு நாளில் அந்த மாணவர் தாமே செய்ததாகக் காட்ட எதுவும் மிஞ்சியிருக்காது. ஆகவே, எப்போது உதவ வேண்டும் என்பதை மாணவரையே சொல்லவைத்து, அதை வார்டுப் பொறுப்பாளரிடம் எழுத்தில் தருகிறேன். அதில் வேண்டிய ஏற்பாடுகள் மட்டுமே இருக்கும். நோயின் பெயர் இருக்காது, அதைச் சொல்வதும் சொல்லாததும் மாணவரின் விருப்பம்.

நீண்ட ஷிப்டுகளைக் குறுகிய ஷிப்டுகளாகப் பிரித்துத் தரும்போது, மொத்தப் பயிற்சி நேரம் குறையாது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுகிறேன். 'சலுகை' என்ற முணுமுணுப்பு பெரும்பாலும் நேரம் குறைகிறதோ என்ற சந்தேகத்திலிருந்துதான் கிளம்புகிறது.